தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் சட்டம்

காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையை (எஃப்.ஐ.ஆர். என்றால்தான் எல்லோருக்கும் புரியும்) முழுதாகப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு. படிவத்தின் ஆறாவது கட்டம் புகார் கொடுத்தவருக்கு உரியது. பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த வருடம், தொழில், அடையாள அட்டை விவரம், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள் வந்துவிடும். அதற்குக் கீழே வேறொரு கட்டத்தில், நடந்தது என்ன என்று அவர் சொன்னதெல்லாம் எழுதப்படும். ஒரு மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்க என்னென்ன வேண்டுமோ அதுவும், அவருடைய வாழ்க்கையின் மிக மோசமான நாளின் விவரமும் ஒரே காகிதத்தில் இருக்கும்.

இந்த விவரங்கள் விசாரணை அதிகாரிக்கு வேண்டும். நீதிமன்றத்துக்கு வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல வேண்டுமானால் அவருடைய வக்கீலுக்கும் வேண்டும். பக்கத்துத் தெருக்காரருக்கு எதற்கு? கூடப் படிக்கும் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு எதற்கு? வெளியூரில் உட்கார்ந்து இணையத்தில் பொழுதுபோக்கும் ஒரு முகம் தெரியாத ஆளுக்கு எதற்கு?

இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் 1983லேயே பதில் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018ல் இன்னும் விளக்கமாகச் சொன்னது. அப்படியிருந்தும் பெயர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. போவது பத்திரிகைக்காரன் சுவரேறிக் குதித்து எடுத்ததால் என்று நினைத்தால் தப்பு. தமிழ்நாட்டில் நடந்த இரண்டு பெரிய வழக்குகளிலும் பெயர் அரசாங்கத்தின் வாசல் வழியாகத்தான் வெளியே போயிற்று.

முதலில் எல்லோருக்கும் நினைவிருக்கும் வழக்கு. 2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் தாக்குதலுக்கு ஆளானார். அவர் பயந்து ஒதுங்கவில்லை. மறுநாளே காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தார். "பெண்கள் துணிந்து முன்வர வேண்டும்" என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அதை அப்படியே செய்தார். அதற்கு என்ன பரிசு கிடைத்தது? அவருடைய அடையாள விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏறி, கைபேசி கைபேசியாகச் சுற்றியது.

பாலியல் குற்ற வழக்கின் எஃப்.ஐ.ஆர். காவல்துறையின் இணையதளத்தில் தெரியவே கூடாது. தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஏன் பூட்டவில்லை என்று கேட்டபோது தொழில்நுட்பக் கோளாறு என்று பதில் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருந்தது. பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மென்பொருளை மாற்றியதில் சிக்கல் என்று தேசிய தகவலியல் மையம் விளக்கம் தந்தது. அதாவது பிரிவு எண்கள் மாறியதால் கணினிக்கு எதைப் பூட்டுவது என்று தெரியவில்லையாம்!

சென்னை உயர் நீதிமன்றம் இந்த விளக்கத்தோடு விஷயத்தை விட்டுவிடவில்லை. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், வி. லட்சுமிநாராயணன் அமர்வு டிசம்பர் 28ஆம் தேதி மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அடையாளம் வெளியானதற்காக அரசு அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்றது. எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்டிருந்த விதமே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்வதுபோல இருக்கிறது என்றும் கண்டித்தது.

குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை விதித்தது. ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு! பாராட்ட வேண்டியதுதான். ஆனால் வெளியே போன காகிதத்தை எந்தத் தீர்ப்பும் திரும்பக் கொண்டுவராது.

சரி, இது கணினிக் கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பொள்ளாச்சியில் எந்தக் கணினி கெட்டுப்போயிருந்தது?

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் ஒரு பெண் கொடுத்த புகாரிலிருந்து அந்தக் கொடூரம் வெளியே தெரிய வந்தது. மார்ச் மாதம், மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர் சந்திப்பில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். கேமராக்களுக்கு முன்னால், வாயால் சொன்னார். அது போதாதென்று, வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி அரசு வெளியிட்ட அரசாணையிலும் அவர் பெயர், படித்த கல்லூரி, சகோதரர் பெயர் எல்லாம் இருந்தன. ஒரு அரசாணை தட்டச்சு செய்பவர், சரிபார்ப்பவர், கையெழுத்திடுபவர் என்று எத்தனை மேசைகளைத் தாண்டி வெளியே வருகிறது! அத்தனை மேசையிலும் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லை.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நீதிபதிகள் என். கிருபாகரன், எஸ்.எஸ். சுந்தர் அமர்வு, அந்த அரசாணையைத் திரும்பப் பெற்றுப் பெயர் இல்லாமல் புதிதாக வெளியிடச் சொன்னது. காவல் கண்காணிப்பாளர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

2019லும் 25 லட்சம். 2024லும் 25 லட்சம். நடுவில் ஐந்து வருடங்கள். அந்த ஐந்து வருடத்தில் அரசு கற்றுக்கொண்டது என்ன? ஒன்றில் மனிதர் வாய், இன்னொன்றில் மென்பொருள். கருவிதான் வேறு. பெயரை வெளியே விட்ட கை ஒன்றே.

இனி சட்டத்துக்கு வருவோம். 1972ல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு வன்கொடுமை நடந்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுதலை செய்தது. நாடு கொதித்தது. அந்தக் கொதிப்பின் விளைவாக 1983ல் சட்டம் திருத்தப்பட்டபோது, இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ என்ற புதிய பிரிவு நுழைந்தது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையுமோ அச்சிட்டாலும் வெளியிட்டாலும் இரண்டு ஆண்டு வரை சிறை. (வேடிக்கை என்னவென்றால், இந்தச் சட்டம் வரக் காரணமான வழக்கைச் சட்டப் புத்தகங்கள் இன்றும் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கின்றன.)

இப்போது அதே பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆக இருக்கிறது. குழந்தைகளுக்குப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு என்று தனிப் பாதுகாப்பு உண்டு.

அச்சிடுவது, வெளியிடுவது என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். 1983ல் சட்டம் எழுதியவர்களின் கண்முன்னால் இருந்தது செய்தித்தாள். பெயர் பரவ வேண்டுமானால் ஒரு அச்சகம் வேண்டும், ஒரு ஆசிரியர் வேண்டும். அவரைப் பயமுறுத்தினால் போதும் என்று நினைத்தார்கள். அன்றைக்கு அது சரி. எஃப்.ஐ.ஆர். அன்று காவல் நிலைய அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. இன்று அது பதிவான நாளிலேயே இணையத்தில் ஏறுகிறது.

ஏற்றச் சொன்னதும் உச்ச நீதிமன்றம்தான். 2016 செப்டம்பரில் இந்திய இளம் வழக்கறிஞர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளைப் போடக் கூடாது. எது அப்படிப்பட்டது என்று டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி தீர்மானிக்க வேண்டும்.

பிறகு 2018 டிசம்பர் 11 அன்று நிபுன் சக்சேனா வழக்கில் நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா அமர்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. பெயரை மட்டும் இல்லை, தூரத்திலிருந்துகூட ஆளை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் யாரும் வெளியிடக் கூடாது. வன்கொடுமை, போக்சோ வழக்குகளின் எஃப்.ஐ.ஆரைப் பொதுவெளியில் வைக்கக் கூடாது. பெயருள்ள ஆவணங்களை முடிந்தவரை மூடி முத்திரையிட்ட உறையில் வைத்துவிட்டு, பெயர் நீக்கிய இன்னொரு பிரதியைத்தான் மற்றவர்கள் பார்க்கும் கோப்பில் வைக்க வேண்டும்.

இதைவிட எளிமையாக எப்படிச் சொல்வது? இரண்டு பிரதி வேண்டும். ஒன்றில் பெயர் இருக்கும், ஒன்றில் இருக்காது. தீர்ப்பு வந்த மூன்றே மாதத்தில் பொள்ளாச்சி அரசாணை வெளியானது. ஆறு வருடம் கழித்து அண்ணா பல்கலைக்கழக எஃப்.ஐ.ஆர். வெளியானது. சட்டம் இல்லை, தீர்ப்பு இல்லை, வழிமுறை இல்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. எல்லாம் இருந்தது. தப்பு செய்தால் தன் தலைக்கு வரும் என்ற பயம் ஒன்றுதான் இல்லை.

அந்தப் பயம் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். 2018ல் ஜம்முவின் கதுவா வழக்கில் எட்டு வயதுக் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்ட 12 ஊடக நிறுவனங்களைத் தலைக்கு 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். சரியான தண்டனை. ஊடகம் தப்பு செய்தால் ஊடகத்தின் பணம் போகிறது. அரசு தப்பு செய்தால்? அப்போதும் 25 லட்சம் கொடுக்கப்படுகிறது, ஆனால் அது மக்களின் வரிப்பணம். பெயரைச் சொன்ன அதிகாரியின் சம்பளத்திலிருந்து போவதில்லை.

அண்ணா பல்கலைக்கழக வழக்கில் நடந்தது இன்னும் மோசம். எஃப்.ஐ.ஆர். காவல்துறையின் இணையதளத்திலிருந்துதான் இறங்கியது. ஆனால் கசிவை விசாரிக்கிறேன் என்று 2025 ஜனவரியில் செய்தியாளர்களை அழைத்துக் கேள்வி கேட்டு, அவர்களுடைய கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டது சிறப்புப் புலனாய்வுக் குழு. பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, கைபேசிகளைத் திருப்பிக் கொடுங்கள், துன்புறுத்தாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பது இதுதான்.

அமெரிக்காவில் இதே கேள்வி 1989லேயே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. புளோரிடா மாநிலத்தில், ஷெரீப் அலுவலகத்தின் செய்தியாளர் அறையில் வைக்கப்பட்டிருந்த ஒரு போலீஸ் அறிக்கையில் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் முழுப் பெயர் இருந்தது. "புளோரிடா ஸ்டார்" என்ற சிறிய பத்திரிகையின் பயிற்சிச் செய்தியாளர் அதை எழுதிக்கொண்டு போக, பெயர் அச்சில் வந்துவிட்டது. அந்தப் பெண் வழக்குப் போட்டார். ஷெரீப் அலுவலகம் 2,500 டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டு கழன்றது. பத்திரிகையை ஒரு லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது ஜூரி. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டப்படி கையில் கிடைத்த உண்மையை வெளியிட்டதற்குப் பத்திரிகையைத் தண்டிக்க முடியாது. தன்னிடம் இருக்கும் தகவலைக் காப்பாற்றும் வழி அரசிடமே இருந்தது என்றது.

அந்தப் பெண்ணுக்கு இது நியாயமா என்றால், இல்லை. இந்தியச் சட்டம் பத்திரிகையையும் தண்டிக்கும், அது நல்லதே. ஆனாலும் அந்தத் தீர்ப்பில் ஒரு உண்மை இருக்கிறது. கடைசியில் பெயரை அச்சிட்டவனை மட்டும் தேடிக்கொண்டிருந்தால், முதலில் மேசைமேல் பெயரை விரித்து வைத்தவன் 2,500 டாலரோடு தப்பித்துவிடுகிறான். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற வேலை இது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

ஒன்று, வெளிப்படைத்தன்மை. எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வர வேண்டும் என்று வழக்கறிஞர்கள் போராடியது எதற்காக? பொய் வழக்கில் மாட்டியவன் தன்மேல் என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல் காவல் நிலைய வாசலில் நிற்கக் கூடாது என்பதற்காக. போலீஸ் நினைத்தபடி எழுதி, நினைத்தபடி மாற்றக் கூடாது என்பதற்காக. "பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றுகிறோம்" என்ற பெயரில் எல்லாவற்றையும் மூடிவிட்டால், லாபம் போலீஸுக்குத்தானே?

நல்ல கேள்வி. ஆனால் போலீஸைக் கண்காணிக்க என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். எந்தக் காவல் நிலையம், எத்தனை மணிக்குப் புகார் வந்தது, எத்தனை மணிக்குப் பதிவானது, எந்தப் பிரிவு, விசாரணை அதிகாரி யார், என்ன நடவடிக்கை. இந்தப் பட்டியலில் பாதிக்கப்பட்டவரின் வீட்டு விலாசம் எங்கே வருகிறது? அந்த ஆறாவது கட்டத்தை மறைத்துவிட்டு மீதியைத் திறந்து வைத்தால் கண்காணிப்புக்கு ஒரு குறையும் வராது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு முழுப் பிரதி வேண்டுமா? நீதிமன்றம் வழியாக அவருக்குக் கிடைக்கும். அவர் பார்ப்பது வேறு, உலகமே பார்ப்பது வேறு.

இந்த நாட்டு அரசுக்கு மறைக்கவே தெரியாது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில், தனிநபர் தகவலானாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று ஒரு வாசல் இருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வழியாக அந்தப் பிரிவைத் திருத்தி வாசலைக் குறுக்கினார்கள். 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒரு அதிகாரியின் சொத்து விவரத்தைக் கேட்டால் "தனிநபர் தகவல்" என்று பதில் எழுத முடிகிற அலுவலகத்துக்கு, ஒரு மாணவியின் கைபேசி எண் தனிநபர் தகவல் என்று தெரியாமல் போகுமா?

இரண்டாவது எதிர்வாதம் முற்போக்கானவர்களிடமிருந்து வருகிறது. "தப்பு செய்தவன்தானே வெட்கப்பட வேண்டும்? பாதிக்கப்பட்டவர் ஏன் ஒளிய வேண்டும்? பெயரை மறைக்க மறைக்க அது அவமானம் என்ற எண்ணம்தான் வலுப்படும்." கேட்க நன்றாக இருக்கிறது. கொல்கத்தாவில் 2012ல் நடந்த பார்க் ஸ்ட்ரீட் வழக்கில் பாதிக்கப்பட்ட பெண், மறு வருடம் தானே முகத்தைக் காட்டிப் பெயரைச் சொன்னார். அது வீரம். சட்டமும் அதைத் தடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் எழுத்து மூலம் சம்மதித்தால் பெயரை வெளியிடலாம் என்றே இருக்கிறது.

ஆனால் அது அவர் எடுத்த முடிவு. எப்போது, எங்கே, எந்த வார்த்தையில் என்று அவரே தீர்மானித்தார். இன்னொருவர் சார்பாக ஒரு காவல் கண்காணிப்பாளரோ ஒரு சர்வரோ அந்த வீரத்தைக் காட்ட முடியாது. தானாக மேடை ஏறுவதும் தள்ளிவிடப்பட்டு மேடையில் விழுவதும் ஒன்றா?

ஊர் திருந்தும் வரை காத்திருந்தால்? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. அந்த வாய்க்குள் பெயரைப் போட்டுக் கொடுக்காமல் இருப்பது மட்டும்தான் அரசால் முடியும். பெயரைக்கூடப் போட வேண்டாம். சிறிய ஊர்களில் தகப்பனாரின் தொழில், படிக்கும் பாடப்பிரிவு, எத்தனையாவது வருடம் என்ற மூன்று விவரம் போதும். மாலைக்குள் வீடு தெரிந்துவிடும். பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டு மற்றதை அப்படியே விடுவது பாதுகாப்பே ஆகாது.

மறைப்பு நீதியைக் கெடுக்கும் என்பவர்களுக்குப் பொள்ளாச்சி வழக்கின் முடிவே பதில். பெயர் வெளியான வேகத்தைப் பார்த்தால் இனி யாருமே சாட்சி சொல்ல வர மாட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் விசாரணை பூட்டிய அறைக்குள் நடந்தது. அடையாளம் காக்கப்பட்டது. எட்டுப் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை விதித்து, பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. சாட்சிகள் பிறழாததற்கு அந்தப் பூட்டிய கதவும் ஒரு காரணம். அவர்களில் பலரின் பெயர் இன்றைக்கும் ஊருக்குத் தெரியாது. தீர்ப்பில் என்ன குறைந்துபோயிற்று?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு, 64 முதல் 71 வரையுள்ள குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். அதாவது வன்கொடுமையும் அதை ஒட்டியவையும். பாலியல் தொல்லை (75), ஒளிந்திருந்து படம் பிடிப்பது (77), பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது (78) எதுவும் அதற்குள் வராது. பின்தொடர்கிறான் என்று புகார் கொடுக்கும் பெண்ணின் புது விலாசத்தைவிட ரகசியமாக வைக்க வேண்டியது வேறென்ன இருக்கிறது?

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்று. ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் அவர் சம்மதம் இல்லாமல் இணையத்தில் பரவின. அந்தக் காட்சிகளை நீக்கச் சொல்லி அவர் நீதிமன்றம் வந்தபோது, போலீஸ் ஆவணத்திலேயே அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதைக் கண்டித்துப் பெயரை நீக்கச் சொன்னார். சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞருக்கே இந்த நிலை.

பாலியல் குற்றங்களோடு மட்டும் இது நிற்கிறதா? தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டி வீட்டில் திருட்டு. எத்தனை பவுன் போனது, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், விலாசம் என்ன என்று எஃப்.ஐ.ஆர். எல்லாம் சொல்கிறது. அடுத்த திருடனுக்கு வழிகாட்டி எதற்கு? ஆன்லைன் மோசடியில் பணம் இழந்தவரின் கைபேசி எண்ணும் அப்படித்தான். ஒரு முறை ஏமாந்தவர் யார் என்று தெரிந்தால் அடுத்த மோசடிக்காரன் அவருக்குத்தான் முதலில் போன் செய்வான்.

சாதி வன்கொடுமை வழக்குகளில் இது உயிர்ப் பிரச்சினை. எந்தத் தெருவில் இருக்கிறவர் யார்மேல் புகார் கொடுத்தார் என்பது அதே ஊரில் வெளிப்படையாகத் தெரிவதற்கு விலை உண்டு. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு இதை உணர்ந்து எழுதப்பட்டது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய எந்த ஆவணத்திலும், உத்தரவிலும், தீர்ப்பிலும் சாட்சிகளின் பெயரையும் விலாசத்தையும் சிறப்பு நீதிமன்றம் மறைக்கலாம் என்கிறது. சட்டப் புத்தகத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. அதை எல்லாக் குற்றத்துக்கும் விரித்தால் போதும்.

கடைசியாக நீதிமன்றங்கள். 228ஏ பிரிவிலேயே ஒரு விலக்கு இருந்தது. புதிய சட்டத்தின் 73ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வெளியிடுவது குற்றமாகாது. தீர்ப்பில் பெயர் இருந்தால் பெயரோடு வெளியிடலாம். முடிந்தவரை பெயரைத் தவிர்க்க வேண்டும் என்று 1996லேயே குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் பழைய தீர்ப்புகள் பெயரோடு அப்படியே கணினியில் ஏறின. முன்பு அவை நூலக அலமாரியில் இருந்தன. தேடிப் போகிறவர் வக்கீலாக இருப்பார். இன்று பெயரைத் தட்டினால் தேடுபொறி நொடியில் கொண்டுவந்து கொட்டும். முப்பது வருடத்துக்கு முன் சிறுமியாக இருந்தவருக்கு இன்று பேரன் பேத்தி இருக்கலாம். அவர்கள் தட்டிப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்?

குறை சொல்லிக்கொண்டே போவதில் பயனில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதும் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல.

1. எஃப்.ஐ.ஆர். எல்லாமே முதலில் பூட்டியே இருக்க வேண்டும். பரிசோதித்துத் திறப்பதே வழக்கமாக இருந்தால், மென்பொருள் கெட்டாலும் பெயர் உள்ளேயே இருக்கும். இப்போது அது தலைகீழாக இருக்கிறது.

2. பொதுமக்கள் பார்க்கும் பிரதியில் ஆறாவது கட்டமே வரக் கூடாது, குற்றம் எதுவானாலும் சரி. மையால் அடிப்பது வேண்டாம். அந்தப் பிரதியில் அந்தக் கட்டமே அச்சாகாதபடி செய்தால் போதும்.

3. 72ஆம் பிரிவுக்குள் 74 முதல் 79 வரையுள்ள குற்றங்களையும் கொண்டுவர வேண்டும்.

4. முழுப் பிரதியை யார், எப்போது திறந்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். வங்கிக் கணக்கை யார் திறந்தார் என்று சொல்ல முடிகிற நாட்டில் இதுவும் முடியும்.

5. அரசாணை, செய்திக் குறிப்பு, செய்தியாளர் சந்திப்பு எதுவானாலும், பெயர் வெளியானால் கையெழுத்திட்டவரோ பேசியவரோ பொறுப்பு. இழப்பீட்டில் ஒரு பங்காவது அவர் சம்பளத்திலிருந்து போக வேண்டும்.

6. பழைய தீர்ப்புகளில் பாதிக்கப்பட்டவரின் பெயரை நீதிமன்றங்களே தேடி நீக்க வேண்டும். ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக மனுப் போட்டு, "நான்தான் அவள், என் பெயரை எடுங்கள்" என்று கேட்கும்படி வைக்கக் கூடாது. அந்த மனுவிலும் அவர் பெயர் எழுத வேண்டியிருக்கும்!

இத்தனையும் அரசுக்கு. படிக்கிறவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக எஃப்.ஐ.ஆரை இணையத்தில் நழுவவிட்டது அலுவலகம்தான். ஆனால் அதைக் குழுவுக்குக் குழு தள்ளியவர்கள் யார்? "யாருன்னு தெரியுமா?" என்று கேட்டு, தெரிந்ததும் அடுத்தவருக்கு அனுப்பியவர்களில் கல்லூரி மாணவர்களே இல்லை என்று சொல்ல முடியுமா? அப்படி அனுப்புவதும் 72ஆம் பிரிவின்படி குற்றம்தான். "எனக்கும் வந்தது, அனுப்பினேன்" என்பது சமாதானம் ஆகாது.

அடுத்த முறை ஒரு காகிதம் கைபேசிக்கு வந்தால் அழித்துவிடலாம். அனுப்பியவரிடம் ஏன் அனுப்பினாய் என்று கேட்கலாம். பிறகு அந்தக் காகிதம் எந்த அலுவலகத்திலிருந்து கிளம்பியது, யார் கையெழுத்தில் கிளம்பியது என்று உரக்கக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு ஒரு அதிகாரியாவது தன் சம்பளத்திலிருந்து பதில் சொல்லும்வரை, மூன்றாவது 25 லட்சத்துக்கு அரசு பணம் ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.